"கண்ணு தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வாங்க": வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியர். பிறவியிலேயே பார்வை கிடையாது. இந்த மடலைக் கணினியில் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) வழியே கேட்டுக் கேட்டு நானே தட்டச்சு செய்கிறேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் "யாரு சார் எழுதிக் குடுத்தாங்க?" என்பதிலேயே உங்கள் கவனம் போய்விடும்.

எந்த வங்கி, எந்தக் கிளை என்று பெயர் சொல்லி எழுதப் போவதில்லை. ஒரு கிளையின் பெயரைச் சொன்னால், மற்ற எல்லோரும் "நம்ம பிராஞ்ச் இல்லப்பா" என்று நிம்மதியாகிவிடுவீர்கள். பார்வையற்ற நண்பர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் வங்கிப் பேச்சை எடுத்துப் பாருங்கள். அரசு வங்கியோ தனியார் வங்கியோ, சென்னையோ சங்கரன்கோவிலோ, எல்லோரும் கேட்டு வந்த வசனம் ஒன்றாகத்தான் இருக்கும்: "கண்ணு தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வாங்க சார்."

செக்புக் கேட்டால் இந்த வசனம் வரும். ஏ.டி.எம். கார்டு, நெட் பேங்கிங், லாக்கர், லோன் என்று மேலே போகப் போக அதன் சத்தம் கூடும். சம்பளக் கணக்கை மட்டும் மடமடவென்று தொடங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். பணம் உள்ளே வருகிற வழிக்குக் கண் தேவைப்படுவதில்லை போலிருக்கிறது.

உங்கள் வங்கிகளின் கால் சென்டரிலிருந்து அடிக்கடி ஒரு பெண் கூப்பிடுவார். "சார், உங்களுக்கு பிரீ-அப்ரூவ்டு பர்சனல் லோன் ரெடியா இருக்கு. பிராஞ்சுக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்." அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் சம்பளமும் சிபில் ஸ்கோரும்தான். வீட்டில் பாத்ரூம் கட்ட வேண்டியிருந்த ஒரு சமயம், அவர் பேச்சை நம்பிக் கிளைக்குப் போனேன். என் வெண்கோலைப் பார்த்ததும் லோன் காணாமல் போய்விட்டது.

"கோ-அப்ளிகன்ட் ஒருத்தர் வேணும் சார். பார்வை உள்ளவரா இருக்கணும்."

"என் வீட்டம்மாவுக்கும் பார்வை இல்லீங்களே."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப பசங்க யாராவது?"

"மூத்தவளுக்கு ஒம்பது வயசு."

அதற்கும் அந்த அதிகாரி சிரிக்கவில்லை. 'மேஜர் ஆகலையே' என்று உண்மையாகவே யோசித்தார். என் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்போகிற தவணைக்கு என் கையெழுத்து போதாது, பதினெட்டு வயதாகியிருந்தால் என் மகளின் கண்கள் போதும்! அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். டீ வாங்கித் தந்தார். நாற்காலியைக் கைக்கு எட்டும்படி இழுத்துப் போட்டார். போகும்போது வாசல் வரை வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார். லோன் மட்டும்தான் தரவில்லை.

செக்புக் கதை இதைவிட நீளம். அன்று பள்ளியிலிருந்து நேரே ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போயிருந்தேன். வாசலில் மூன்று படி. கைப்பிடி இல்லை என்பதால் ஆட்டோக்காரர் தோள் கொடுத்து உள்ளே கொண்டுவந்து விட்டார். உள்ளே டோக்கன் முறை. எண் திரையில் மட்டும்தான் வரும், குரல் கிடையாது. ஒரு 'டிங்' சத்தம் உண்டு. அது யாருக்கு அடித்த மணி என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் அவரும் பாவம் சவாரியை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். என் முறை வந்தபோது கவுன்டரில் இருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோக்காரரிடம்தான் கேட்டார்.

"இவருக்கு என்ன வேணுமாம்?"

"அவரையே கேளுங்க சார்," என்றார் ஆட்டோக்காரர்.

செக்புக் வேண்டும் என்றேன். பெரியவரிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். கண்ணாடி அறைக்குள் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. திரும்பி வந்தவர் கையில் ஒரு தாள். அதில் கையெழுத்துப் போட்டால் தருவார்களாம், சாட்சிக் கையெழுத்தும் ஒன்று வேண்டுமாம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "வழக்கமானதுதான் சார்." படித்துக் காட்டச் சொன்னேன். கிளையில் கூட்டம் என்றார். ஆட்டோக்காரர் எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிப்பவர். அவர் தடவித் தடவிப் படித்ததில் புரிந்தது இதுதான்: நான் பார்வையற்றவன், என் சொந்தப் பொறுப்பில் இந்த வசதியைக் கேட்டு வாங்குகிறேன், இதனால் என்ன நட்டம் வந்தாலும் வங்கி பொறுப்பல்ல. தமிழில் எம்.ஏ., எம்.ஃபில்., பி.எட். முடித்த ஒருவனிடம், அவனால் படிக்க முடியாத வடிவத்தில், அவன் உரிமையை எழுதி வாங்குகிற தாள்! நகல் கேட்டதற்கு, "அது உங்களுக்கு எதுக்கு சார், நீங்க படிக்கவா போறீங்க?" என்றார்.

அடுத்து சாட்சி. "கூட வந்திருக்காரே, அவர் போடட்டும்."

ஆட்டோக்காரர் பதறிவிட்டார். "சார், நான் ஆட்டோ ஓட்டுறவன். இவங்க பேரே இப்பத்தான் நீங்க கூப்பிட்டப்ப எனக்குத் தெரியும். இவங்க கணக்குக்கு நான் எப்படி சார் சாட்சி?"

கிளை முழுக்க அன்று சட்டம் பேசியவர் அவர் ஒருவர்தான். அவர் யார், அவர் கணக்கு எந்த வங்கியில், ஆதார் உண்டா என்று எதையும் நீங்கள் கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாத அந்த மனிதரை நம்ப, அவர் முகத்தில் இரண்டு கண் இருந்ததே உங்களுக்குப் போதுமானதாக இருந்தது. வருடக்கணக்காக உங்களிடமே வரவு செலவு வைத்திருக்கும் என்னை நம்ப, என் ஆதார், பான், பணி அடையாள அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டை எல்லாம் சேர்ந்தும் போதவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் எல்லாக் கிளையிலும் ஒரே பதில்: "உங்க பாதுகாப்புக்காகத்தான் சார் சொல்றோம்."

இந்தப் பாதுகாப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்வையற்றவர்கள் பணத்தைப் பறிகொடுத்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத திருடன் அதில் வருவது அபூர்வம். பின் நம்பர் தெரிந்த பெரியப்பா மகன் வருவான். பாஸ்புக் வைத்திருக்கும் அண்ணன் வருவான். கூட்டுக் கணக்கில் பெயர் சேர்த்துக்கொண்ட மாமா வருவார். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு அரசின் மாதாந்திர உதவித்தொகை 1,500 ரூபாய் வங்கியில்தான் விழுகிறது. கார்டும் பின் நம்பரும் இருப்பது தம்பி வீட்டில். எப்போது எவ்வளவு எடுத்தார்கள் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தத் தம்பியை அவர் தலையில் கட்டியது யார்? 'தனியா கணக்கு வேண்டாம்மா, கூட ஒருத்தர் பேரைச் சேர்த்துக்குங்க' என்று கவுன்டரில் சொன்னவர்தான். எங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, எங்கள் பணத்தை யார் எடுப்பார்களோ அவர்கள் கையிலேயே சாவியைக் கொடுக்கிறீர்கள்.

உங்கள் குறுஞ்செய்தி வாராவாரம் வருகிறது: ஓ.டி.பி.யையும் பின் நம்பரையும் யாரிடமும் பகிராதீர்கள், வங்கி ஊழியர் கேட்டாலும் சொல்லாதீர்கள். என் போன் அதை எனக்கு வாசித்துக் காட்டும். அதே வங்கியின் கிளையில், "ஓ.டி.பி. வந்தா பக்கத்துல யார்ட்டயாவது காட்டுங்க சார், படிச்சுச் சொல்வாங்க" என்கிறார்கள். நான் யாருடைய பேச்சைக் கேட்பது?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11-ஆவது பிரிவு. ஒப்பந்தம் செய்துகொள்ள ஒருவருக்கு வயது வந்திருக்க வேண்டும், மனத்தெளிவு இருக்க வேண்டும், வேறு சட்டம் எதுவும் தடுத்திருக்கக் கூடாது. கண்ணைப் பற்றி அதில் பேச்சே இல்லை. செக் திரும்பினால் எல்லோரும் '138' என்று சொல்வோமே, அந்த 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவும், ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ள எவரும் காசோலை கொடுத்துத் தன்னைப் பொறுப்பாளியாக்கிக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்துக்கே எங்கள் கையெழுத்தின் மேல் சந்தேகம் இருந்ததில்லை.

2005 செப்டம்பர் 5 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் நீதிமன்றம், பார்வையற்றவர்களுக்குச் செக்புக், ஏ.டி.எம்., லாக்கர் உட்பட எல்லா வசதிகளையும் வங்கிகள் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை மேற்கோள் காட்டியே ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4 அன்று சுற்றறிக்கை அனுப்பியது. மூன்றாம் நபருக்கு எழுதும் காசோலை, நெட் பேங்கிங், சில்லறைக் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் அதில் உண்டு. பாகுபாடு காட்டாமல் கொடுங்கள் என்று தெளிவாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 13-ஆவது பிரிவு, சொத்து வைத்திருக்கவும், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை எங்களுக்கு உண்டு என்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்கு மேல் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

அந்தச் சட்டத்திலேயே ஒரு பொந்தும் இருக்கிறது. உங்களுக்கு வழிகாட்டிக் கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், உங்கள் சட்டப் பிரிவுக்கு ஏற்கெனவே தெரியும். நியாயமான ஒரு நோக்கத்துக்காக, அதற்குத் தக்க அளவில் எடுக்கும் நடவடிக்கை என்று காட்டிவிட்டால், பாகுபாடு பாகுபாடாகாது என்கிறது 3-ஆவது பிரிவின் ஓர் உட்பிரிவு. 'பாதுகாப்பு' என்ற சொல் புகுந்துகொள்ளத் தோதான இடம் அது. யாரென்றே தெரியாத ஆட்டோக்காரரின் சாட்சிக் கையெழுத்து எந்த நோக்கத்துக்குத் தக்க அளவு என்பதை ஒருநாள் ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் நீங்கள் விளக்க வேண்டிவரும்.

2008 சுற்றறிக்கையின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போகும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. பஸ் பாஸ் மாதிரி. நீட்டினால் மேலாளர் வாங்கிப் பார்ப்பார். "இது பழசு சார், ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்" என்பார். அவர் கேட்டுச் சொல்வதற்குள் மாறுதல் வந்துவிடும். புதிதாக வருகிறவரிடம் மறுபடி முதலிலிருந்து.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருப்பது எனக்குத் தெரியும். நாளைக்கு ஏதாவது ஆனால் ஆடிட், விஜிலென்ஸ், சார்ஜ் மெமோ என்று அலைய வேண்டியவர் நீங்கள். மறுத்ததற்காக எந்த மேலாளருக்கும் மெமோ வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கொடுத்ததற்காக வரலாம் என்ற பயம்தான் எல்லோருக்கும். இந்தப் பயத்துக்கான விலையை உங்கள் தலைமை அலுவலகம் கொடுக்க வேண்டும். நீங்கள் அதை எங்கள் தலையில் வைக்கிறீர்கள். கையெழுத்து ஒத்துப்போகாது என்கிறீர்கள். பார்வை உள்ளவர்களின் கையெழுத்தும்தான் ஒத்துப்போகாமல் தினமும் திரும்புகிறது, அவர்களைக் கைநாட்டு வைக்கச் சொல்கிறீர்களா? ஓர் அட்டையை எடுத்து, கையெழுத்து விழ வேண்டிய அளவுக்கு நீள்சதுரமாக ஒரு துளை வெட்டுங்கள். அதைக் கோட்டின் மேல் வையுங்கள். என் இடதுகை விரல் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், வலதுகை அதற்குள் எழுதும். கையெழுத்து மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டியதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. உங்கள் வங்கிகளிலேயே பார்வையற்ற ஊழியர்கள் இருக்கிறார்கள். அரசு வங்கிப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும். தேர்வெழுதி, கிளார்க்காக, அதிகாரியாக வேலை செய்கிறார்கள். அடுத்தவர் பணத்தைக் கையாளும் வேலையில் அமர்த்தத் தகுதியானவர், தன் பணத்தைத் தானே எடுக்கத் தகுதியற்றவராகி வேறொரு வங்கியின் கவுன்டரில் நிற்பது எப்படி? என் நண்பர் ஒருவர் அப்படித்தான் நின்றார். தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டியபிறகு, "அட, நம்ம ஸ்டாஃபா நீங்க?" என்று உபசாரம் நடந்ததாம். செக்புக்குக்கு மட்டும் "கேட்டுச் சொல்றோம்."

ஏ.டி.எம். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேசும் ஏ.டி.எம். இந்தியாவில் 2012-இல் வந்தது, அகமதாபாத்தில். 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கும் எல்லா ஏ.டி.எம்.மிலும் குரல் வழிகாட்டலும் பிரெய்லி விசைகளும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இயர்போன் துளையில் இயர்போனைச் செருகினால் குரல் வரும். கார்டைப் போடுங்கள், மொழியைத் தேர்ந்தெடுங்கள், பின் நம்பரை அழுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே போகும். பின்னால் நிற்பவர் பார்க்காமல் திரையை இருட்டாக்கும் வசதியுள்ள இயந்திரமும் உண்டு. அப்படி ஓர் இயந்திரத்தில் முதல்முதலாக நானே பணம் எடுத்தபோது ஒன்று புரிந்தது. என் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்பது அதுவரை எனக்கு முன்னாலேயே வேறு யாருக்காவது தெரிந்துகொண்டிருந்தது.

இப்போது நிலைமை என்ன? துளை இருக்கும், தூசி அடைத்திருக்கும். துளை நன்றாக இருந்தால் குரல் வராது. சாஃப்ட்வேர் மாற்றியபோது போயிருக்கும். குரல் வருகிற இயந்திரத்தில் பாதி வழியில் நின்றுவிடும், மீதிக்குத் திரையைப் பார்க்க வேண்டும். தொடுதிரை மட்டும் உள்ள இயந்திரமும் ஒன்று வந்திருக்கிறது. எந்த ஏ.டி.எம். பேசும், எது பேசாது என்று எங்கள் வாட்ஸப் குழுக்களில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். வாட்ச்மேன் உள்ள ஏ.டி.எம். என்றால், "கார்டைக் குடுங்க சார், நம்பரைச் சொல்லுங்க" என்று அவர் எடுத்துத் தந்துவிடுவார். இதுவரை எனக்கு வந்த வாட்ச்மேன்கள் எல்லோரும் நல்லவர்கள். வாடிக்கையாளரின் பணம் வாட்ச்மேனின் நல்ல மனசில் இருப்பதுதான் உங்கள் பாதுகாப்பு ஏற்பாடா?

எடுத்த நோட்டையாவது எண்ண முடிகிறதா என்றால், அங்கேயும் வம்பு. இது உங்கள் கையில் இல்லை, ரிசர்வ் வங்கியின் வேலை. ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. பழைய காந்தி நோட்டில் 100 ரூபாய்க்கு நீளம் 157 மி.மீ., 500-க்கு 167, 1000-க்கு 177. ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். விரலிடுக்கில் மடித்துப் பார்த்தாலே தெரியும். 2016-க்குப் பின் வந்த புது வரிசையில் 100 ரூபாய் 142 மி.மீ., 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் 66 மி.மீ.தான். நான்கு மில்லிமீட்டரை விரலால் அளக்க வேண்டும், அதுவும் பஸ்ஸில் நின்றுகொண்டு, கண்டக்டர் சத்தம் போடும்போது. ஓரத்தில் மேடான சாய்கோடுகள் வைத்திருக்கிறார்கள். நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து, இருநூறில் நான்கு கோடும் நடுவில் இரண்டு வட்டமும். புது நோட்டில் தெரியும். மீன் மார்க்கெட் போய் வந்த நோட்டில் எதுவும் தெரியாது. நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை 2020-இல் ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் இருட்டில் சந்தைக்கு நடுவே போனை ஒரு கையில், நோட்டை ஒரு கையில், ஸ்டிக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று பாருங்கள்.

யு.பி.ஐ. வந்து எங்களை ஓரளவு காப்பாற்றியது. டீக்கடையில் பணம் அனுப்பியதும் கடைப் பெட்டி "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிறதே, அது எங்களுக்காகச் செய்ததில்லை. கடைக்காரர் ஏமாறாமல் இருக்கச் செய்தது. ஆனாலும் தொகை சரியாகப் போனது என்று அதைக் கேட்டுத்தான் நானும் நிம்மதியடைகிறேன். உங்கள் வங்கிச் செயலிகள் மட்டும் இன்னும் வாய் திறப்பதில்லை. விரலை நகர்த்தினால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று போனின் திரைவாசிப்பானான டாக்பேக் சொல்லும். எது பணம் அனுப்பும் பட்டன், எது வெளியேறும் பட்டன் என்று பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். ஜவுளிக்கடையில் கார்டு தேய்க்கும் இயந்திரமும் இப்போது வழவழ கண்ணாடியாகிவிட்டது. கேஷியரிடம் பின் நம்பரை வாய்விட்டுச் சொன்னால்தான் வேட்டி கிடைக்கும்.

வீட்டிலிருந்தே கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) செய்யலாம் என்றால் அங்கே போன் சொல்கிறது: முகத்தை வட்டத்துக்குள் கொண்டு வாருங்கள், கண்ணை இமையுங்கள். அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்த பிரக்யா பிரசூனிடம் இதைத்தான் கேட்டார்கள். அவரால் இமைக்க முடியவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் போனார். பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் போனார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, 20 வழிகாட்டல்களையும் கொடுத்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி மகாதேவன் எழுதிய தீர்ப்பு. கண்ணை இமைக்கச் சொல்வதைத் தவிர ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று காண உங்கள் இன்ஜினியர்களுக்கு வேறு வழி தோன்ற, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது!

நான் எனக்குத் தெரிந்த ஊனத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதினேன். மாடியில் கிளை வைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் வந்தவரைக் கீழே தெருவில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குகிறீர்கள். காது கேளாதவரிடம் "கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுங்க" என்கிறீர்கள். தொழுநோயில் விரல் இழந்தவரிடம் ரேகை கேட்கிறீர்கள். பெருமூளை வாதம் உள்ளவரின் கை நடுங்கினால், அவருக்குப் புத்தியும் நடுங்கும் என்று நீங்களே முடிவு கட்டிவிடுகிறீர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் எழுதினால் என் மடல் குட்டியாகிவிடும்.

மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் உங்களில் பலர் எங்கள் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் வருகிறீர்கள். பேனர் கட்டி, வெண்கோலும் போர்வையும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வெண்கோலோடு அவர்களில் யாராவது உங்கள் கிளைக்குள் வரும்போது கூட வந்தவரைத் தேடாதீர்கள். "வீட்டுக்கே வந்து சேவை தர்றோமே" என்பதையும் இதற்குப் பதிலாகச் சொல்லாதீர்கள். 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதைச் சொன்னது எழுபது தாண்டிய முதியவர்களையும், பார்வையற்றவர்கள் உட்பட மாற்றுத்திறனாளிகளையும் மனத்தில் வைத்துத்தான். ஆனாலும் தினமும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகிறவனுக்கு வங்கி வாசல் எட்டாத தூரம் இல்லை. நாங்கள் கிளைக்கு வரக்கூடாது என்பதற்கு அது காரணமாக ஆகிவிடக்கூடாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கையெழுத்து வாங்குமுன் தாளை முழுக்கப் படித்துக் காட்டுங்கள், நகலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். 'வங்கி பொறுப்பல்ல' என்ற அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். மற்றவர்களிடம் வாங்காத உறுதிமொழியை எங்களிடம் மட்டும் வாங்க உங்களுக்கு அதிகாரம் தந்த சுற்றறிக்கை எண் இருந்தால் சொல்லுங்கள். டோக்கன் எண்ணை வாய்விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள், பார்வை உள்ள தாத்தாக்களுக்கும் அது உதவும். உங்கள் வாசல் ஏ.டி.எம்.மில் வாரம் ஒருமுறை நீங்களே இயர்போன் செருகிப் பாருங்கள். கவுன்டரில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு 2008 சுற்றறிக்கையைப் படிக்கக் கொடுங்கள். அதில் சிலர் அந்த வருடம் பால்வாடி போய்க்கொண்டிருந்திருப்பார்கள், யாரும் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் செய்யாவிட்டால் நாங்கள் போக இடம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448 என்ற எண்ணில் கூப்பிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். இளையவர்கள் இப்போது தயங்குவதில்லை. கவுன்டரில் நின்றபடியே போனை எடுத்துப் பதிவு செய்து, அன்று மாலையே புகார் அனுப்பிவிடுகிறார்கள். என் தலைமுறை மாதிரி டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் இல்லை அவர்கள்.

உங்களில் ஒருவரின் மேசையில் என் வீட்டுப் பராமரிப்புக் கடனுக்கான புது விண்ணப்பம் இப்போது கிடக்கிறது. விண்ணப்பதாரர் நான் ஒருவன் மட்டும்தான். சம்பளச் சான்று, பிடித்தத்துக்கான தலைமையாசிரியர் கடிதம், வரிப் படிவம் எல்லாம் இணைத்திருக்கிறேன். தருவதாக இருந்தால் வழக்கம்போல் கூப்பிடுங்கள். மறுப்பதாக இருந்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் தாருங்கள், மின்னஞ்சலில். தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பாமல், தட்டச்சு செய்து அனுப்புங்கள். அப்போதுதான் என் கணினி எனக்குப் படித்துக் காட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்